இருட்டறையிலிருந்து இணையச் சமூகத்திற்கு: கொங்கு நாட்டு ஒளிப்படக் கலைஞரின் நிலைமாற்றம்

ஆய்வுச்சுருக்கம்

வேதிமுறை ஒளிப்படம் கண்டதைக் கண்டவாறு பதிவு செய்தது. எண்மக் கலை அதனைப் புனைவாக்கிவிட்டது என்னும் கருத்து பரவலாக உள்ளது. கொங்கு நாட்டு ஒளிப்பட வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை மறுஆய்வு செய்கிறது. படத்தைக் கையால் திருத்தும் வழக்கம் 1850கள் முதலே இப்பகுதியில் இருந்துவந்தது. ஆகவே எண்மக் காலத்தின் அடிப்படை மாற்றம் திருத்தத்தில் நிகழவில்லை. கலைஞரின் உரிமை நிலையிலும், திருத்தம் பற்றிய பதிவிலும், படத்தைக் காக்கும் சமூகத்திலும் நிகழ்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, ஒளிப்படம், திருத்தக்கலை, எண்மக் கலை, பதிப்புரிமை, இணையச் சமூகம், ஆவணக்காப்பு.

முன்னுரை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் ஆகிய மாவட்டங்களை மையமாகக் கொண்ட கொங்கு நாட்டின் நவீன வரலாறு பெரும்பாலும் பஞ்சாலை, பாசனம், பொறியியல் தொழில், திரைப்படம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. இவை அனைத்தையும் படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர் அவ்வரலாற்றில் தனி இடம் பெறவில்லை. நூல்களில் இடம்பெறும் பழைய படங்களின் கீழே நிகழ்வின் பெயரும் ஆண்டும் இருக்கும். எடுத்தவர் பெயர் இருப்பதில்லை. படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது யாரால், யாருக்காக, எத்தகைய திருத்தங்களுடன் உருவானது என்பதை அறியாமல் அதனை மதிப்பிட முடியாது. எனவே இப்பெயரின்மையை வெறும் மரியாதைக் குறைவாகக் கொள்வது போதாது. அது ஆய்வு முறையைப் பாதிக்கும் குறைபாடாகும்.

கடந்த கால் நூற்றாண்டில் ஒளிப்படக் கலைஞர் பலர் இருட்டறையை விட்டுக் கணினித் திரைக்கு வந்து, எண்மக் கலையில் ஈடுபட்டு, தம்மையொத்தோர் கூடும் இணையச் சமூகங்களில் இணைந்தனர். இந்நகர்வு பெரும்பாலும் கருவியின் மாற்றமாகவே விளக்கப்படுகிறது. அதனை நிலையின் மாற்றமாக விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

1. தொடக்கமே திருத்தத்துடன்

1839இல் பாரிசில் டாகர் முறை அறிவிக்கப்பட்டது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் லின்னியஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1858இல் வெளியான அவருடைய படத்தொகுதிகளுள் ஒன்று இராயக்கோட்டையையும் அக்காலச் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. இன்று இராயக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. கொங்கு நாட்டின் வடக்கு எல்லையை ஒட்டிய பகுதியைப் பற்றிய முற்பட்ட ஒளிப்படச் சான்றுகளுள் இத்தொகுதி குறிப்பிடத்தக்கது.

டிரைப் மெழுகூட்டிய தாள் எதிர்ப்படங்களைப் பயன்படுத்தினார். அக்காலப் பூச்சு நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் ஏற்றது. அதனால் அச்சில் வானம் வெறும் வெண்மையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் அமைந்தன. இக்குறையை நீக்க அவர் எதிர்ப்படத்தின்மீது நிறமி பூசி மேகங்களையும் இலைத்தொகுதிகளையும் உருவாக்கினார். அரசு ஆவணமாக எடுக்கப்பட்ட படத்திலேயே, கேமரா காணாத மேகம் கையால் சேர்க்கப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1860இல் ஆளுநர் டிரெவெலியன் செலவைக் காரணமாகக் கொண்டு இப்பணியை நிறுத்தினார். அரசு விலகிய பின்னர் ஒளிப்படம் பெரிதும் தனியார் தொழிலாகவே வளர்ந்தது. அண்டை நிலமான நீலகிரியில் சாமுவேல் போர்ன் 1869இல் படமெடுத்தார். ஏ. டி. டபிள்யூ. பென் உதகமண்டலத்தில் நெடுங்காலம் படநிலையம் நடத்தினார்.

மேலைநாட்டு நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே காட்சியாக அச்சிட்டு, மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். பல படங்களை ஒன்றாக்கும் கலை கணினிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

2. படநிலையமும் ‘டச்சிங்’ தொழிலும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகச் சிறுநகரங்களில் படநிலையங்கள் பெருகின. வண்ணம் தீட்டிய பின்திரை, நாற்காலி, பூச்சாடி, கண்ணாடி வழி ஒளி வரும் கூரை ஆகியன அவற்றின் பொது அமைப்பு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனால் கோவைப் பகுதியில் பஞ்சாலைகள் பெருகின. கூலியும் வணிக வருவாயும் நகரில் புழங்கின. படநிலையமும் பகலொளியை மட்டும் நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபடும் வாய்ப்பைப் பெற்றது.

படநிலையத்தில் படமெடுத்தவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ‘டச்சிங்’ செய்பவர். அவர் கூர்மையான பென்சிலால் எதிர்ப்படத்தின்மீது நுண்கோடுகள் இடுவார். எதிர்ப்படத்தில் கறுப்பு கூடிய இடம் அச்சில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் முகச்சுருக்கமும் இவ்வாறு மறைந்தன. தோல்நிறமும் இவ்வாறே வெளுப்பாக்கப்பட்டது. கத்தி முனையால் எதிர்ப்படத்தைச் சுரண்டினால் அச்சில் அவ்விடம் கறுக்கும். புருவமும் முடியும் அம்முறையால் செறிவு பெற்றன. கறுப்பு வெள்ளை அச்சின்மீது நீர்வண்ணம் தீட்டிச் சேலைக்குக் கரையும் நகைக்குப் பொன்னிறமும் அளிக்கப்பட்டன. கணவனும் மனைவியும் தனித்தனியே எடுத்த படங்கள், ஒருவர் மறைந்த பின்னர், ஒரே சட்டத்துள் அருகருகே அமர்ந்த படமாக இணைக்கப்பட்டன. குடும்பத்தாரைப் பொறுத்தவரை அது பொய்யன்று. வீட்டுச் சுவருக்குரிய உண்மை அது. இந்தியப் படநிலையப் பண்பாட்டை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி தம் ‘கேமரா இண்டிகா’ (1997) நூலில் இத்தகைய கைவினையை விரிவாகக் கவனப்படுத்தியுள்ளார்.

சமூக வரலாற்றாய்வுக்கு இதன் விளைவு முக்கியமானது. பழைய உருவப்படத்தில் காணப்படும் கைக்கடிகாரமோ கோட்டோ படநிலையத்தின் பொருளாக இருக்கக்கூடும். தோல்நிறம் பென்சிலின் விளைவாக இருக்கக்கூடும். எதிர்ப்படம் இருந்தால் இதனைச் சரிபார்க்கலாம். அச்சுப்படம் மட்டும் எஞ்சும்போது திருத்தமும் திருத்தியவரும் ஒருசேர மறைந்துவிடுகின்றனர். நல்ல திருத்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத திருத்தம் என்பதே அத்தொழிலின் இலக்கணமாக இருந்தது. அந்த இலக்கணமே கலைஞரையும் மறைத்தது.

3. திரைத்தொழிலும் ஃபிலிம் ஆலையும்

கோவையின் காட்சிப் பண்பாட்டை உருவாக்கியதில் திரைத்தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம்காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவினார். தாராபுரத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட ஆய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் இவ்வரலாற்றைத் தமிழ்த் திரைப்பட ஆய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தார். 1935இல் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் தோன்றின. பின்னர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ எழுந்தது. ‘மலைக்கள்ளன்’ (1954) அந்நிறுவனத்தின் படமாகும்.

திரைத்தொழில் ஒளிப்படத்தையும் ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. ஒளிப்படத்தில் கட்டங்கள் வரைந்து, அதனைச் சுவரளவு துணியில் பெருக்கித் தீட்டுவது பதாகை ஓவியரின் முறை. அத்தகைய பதாகைத் தொழில் மரபிலிருந்து வந்த கோவை ஓவியர் ஜீவா, ‘திரைச்சீலை’ என்னும் தம் நூலின் வழியாகத் திரைப்படம் பற்றிய எழுத்திலும் தடம் பதித்தார். கணினியில் வடிவமைத்து நேரடியாக அச்சிடும் ஃபிளெக்ஸ் பதாகை வந்தபோது இத்தொழில் மிக விரைவாகச் சுருங்கியது. கையால் தீட்டுவோருக்குக் கணினி முதலில் போட்டியாகவே வந்தது என்பதை இது காட்டுகிறது.

மூலப்பொருளின் வரலாறும் இப்பகுதியை ஒட்டியதே. நடுவண் அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஒளிப்படத் தாள், எக்ஸ்ரே ஃபிலிம் ஆகியன அங்கே உருவாயின. ஆலை அமைந்த பகுதி இந்து நகர் என வழங்குகிறது. வண்ணப்படம் பரவியதும் இறக்குமதிப் போட்டியும் ஆலையை நலிவித்தன. 1996இல் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2014இல் ஊழியர்க்கான விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உலக அளவில் கோடாக் நிறுவனம் 2012இல் நொடிப்புப் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. மலையில் ஃபிலிம் ஆலை தளர்ந்த அதே காலத்தில் சமவெளியில் கலர் லேபும், அதனைத் தொடர்ந்து கணினியும் படநிலையத்துள் நுழைந்தன.

4. கணினியுள் தொடர்ந்த இருட்டறை

1990இல் வெளியான போட்டோஷாப் மென்பொருள் இருட்டறையின் சொற்களையே தன் கருவிகளுக்குச் சூட்டியது. ஒளியைத் தடுத்து வெளுப்பாக்கும் ‘டாட்ஜ்’, கூடுதல் ஒளி தந்து கறுப்பாக்கும் ‘பர்ன்’ ஆகிய இரண்டும் அச்சிடுவோரின் கைத்தொழில் சொற்கள். 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு ‘லேயர்’ என்னும் அடுக்கு முறையைச் சேர்த்தது. பல எதிர்ப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட ரெய்லாண்டரின் முறை இதனால் எவருக்கும் எட்டுவதாயிற்று. 2003இல் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கேனான் 300டி கேமரா வந்ததும் எண்மக் கேமரா சிறு படநிலையங்களின் எட்டும் தொலைவுக்கு வந்தது.

திருமணப் படத்தொகுப்பில் இம்மாற்றம் தெளிவாகப் புலப்பட்டது. ஒட்டுப்படத் தொகுப்பு போய், பக்கம் முழுவதையும் கணினியில் வடிவமைத்து அச்சிடும் ‘கரிஸ்மா ஆல்பம்’ வந்தது. மணமக்கள் நீலகிரி மலைச்சரிவிலோ அயல்நாட்டு அரண்மனை முன்போ நிற்பதாகப் பின்னணி மாற்றப்பட்டது. இதனை மலிவான கற்பனை எனத் தள்ளுவோர் உண்டு. ஆயினும் வண்ணம் தீட்டிய பின்திரையின் முன் நின்ற முன்னோரின் படத்திற்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை. துணியில் இருந்த மாளிகை அடுக்காக மாறியது, அவ்வளவே.

எனினும் ஒரு வேறுபாடு முளைவிட்டது. பென்சிலால் செய்த திருத்தத்தைத் திரும்பப் பெற இயலாது. அடுக்கு முறையில் மூலப்படம் கெடாமல் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டதைத் தாண்டித் தனக்காக முயன்று பார்க்கும் உரிமையை இது கலைஞருக்கு அளித்தது. வாடிக்கையாளர் இல்லாத படம், அதாவது கலைஞர் தம் விருப்பத்தால் மட்டும் உருவாக்கும் படம், தொழிலின் ஓரத்தில் தோன்றத் தொடங்கியது. எண்மக் கலை என இன்று அழைக்கப்படுவதன் வேர் இங்கேதான் உள்ளது.

5. உரிமைச் சட்டம் காட்டும் நிலைமாற்றம்

இவ்வேறுபாட்டின் முழுப்பொருளை 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தோடு இணைத்துப் பார்க்கும்போதே உணரலாம். அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு ஒளிப்படத்தின் ஆசிரியர் அதனை எடுத்தவரே என்கிறது. ஆனால் 17ஆம் பிரிவின்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், பிறர் வேண்டுகோளின்பேரில் பணம் பெற்று எடுத்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. பணியாளராக இருந்து உருவாக்கிய படைப்பின் உரிமை அவ்வாறே பணியமர்த்தியவரைச் சேரும்.

இதன்படி படநிலையத்தில் எடுத்த உருவப்படத்தின் உரிமை வாடிக்கையாளருடையது. எதிர்ப்படம் நிலையத்தின் அலமாரியில் இருக்கும். எடுத்தவர் பெயரளவில் ஆசிரியர். பென்சில் பிடித்துத் திருத்தியவரோ ஆசிரியர் என்ற வரையறைக்குள்ளும் வருவதில்லை. ஆசிரியர் எனத் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு வழங்கியபோதிலும், அட்டையின் பின்புறம் நிலையத்தின் முத்திரையோடு தொழில் நின்றுவிட்டது. தம் விருப்பத்தால் படமெடுத்து, தாமே அதனை எண்மக் கலைப்படைப்பாக மாற்றுபவர் இந்நிலைக்கு முற்றிலும் வேறானவர். அவர் ஆசிரியர், முதல் உரிமையாளரும் அவரே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒளிப்படத்திற்கான தனிக் காலவரம்பை நீக்கியது. அதுவரை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் என இருந்த உரிமைக்காலம், பிற கலைப்படைப்புகளைப் போல ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. ஒளிப்படக் கலைஞரை ஓவியருக்கு இணையாகச் சட்டம் ஏற்ற தருணம் அது.

ஆகவே படநிலையத்திலிருந்து எண்மக் கலைக்கு வருவது கைவினைஞர் நிலையிலிருந்து ஆசிரியர் நிலைக்கு வருவதாகும். ஆசிரியருக்கு உரிமை மட்டும் போதாது. அவரை ஆசிரியராக ஏற்கும் அவையும் வேண்டும். அவ்வவையாக அமைந்தது இணையச் சமூகம்.

6. இணையச் சமூகம்: அவையும் நெறியும்

இணையச் சமூகங்கள் ஒரே தன்மையின அல்ல. திருத்தத்தை அவை எவ்வாறு நோக்குகின்றன என்பதைக் கொண்டு அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதல்வகை, திருத்தத்தை வரம்புக்குள் நிறுத்துவது. பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்புகள் ஏற்றுக்கொண்ட இயற்கை ஒளிப்பட வரையறை, படத்துள் எதனையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் இடம்மாற்றுவதையும் தடுக்கிறது. கோவையைச் சேர்ந்த வருண் ஆதித்யா 2016இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இயற்கை ஒளிப்படப் போட்டியின் விலங்கு உருவப்படப் பிரிவில் பச்சைப் பாம்பின் படத்திற்காக முதலிடம் பெற்றது இத்துறையில் கொங்கு நாட்டின் குறிப்பிடத்தக்க நிகழ்வு. ஆனைமலை, முதுமலைக் காடுகளின் அண்மையும், ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல் மையமும் இப்பகுதியில் காட்டுயிர் ஆர்வத்திற்கு வளமான சூழலாக உள்ளன.

இரண்டாம்வகை, திருத்தத்தைக் கொண்டாடுவது. இணைத்தல், வண்ணமாற்றம், ஓவியமாக்கல் ஆகியவற்றின் செய்முறையை உறுப்பினர் ஒருவருக்கொருவர் காட்டிக் கற்பிக்கும் எண்மக் கலைக் குழுக்கள் இவ்வகையின. படநிலையத்தில் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்ற தொழில் நுட்பம் இங்கே பொதுவில் வைக்கப்படுகிறது.

மூன்றாம்வகை, திருத்தத்தைப் பதிவு செய்வது. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம் இதற்குச் சான்று. அங்கே ஒவ்வொரு படத்திற்கும் எடுத்தவர், நாள், இடம், விளக்கம், உரிமம் ஆகியன அடங்கிய தனிப்பக்கம் உண்டு. திருத்திய படத்திற்குத் திருத்தம் பற்றிய குறிப்பு இடவும், மூலப்படத்துடன் இணைப்புத் தரவும் உரிய ஏற்பாடு உள்ளது. ‘டச்சிங்’ தொழிலின் இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. மறைந்திருப்பதே நல்ல திருத்தம் என்றது படநிலையம். சொல்லப்பட்டதே நல்ல திருத்தம் என்கிறது இச்சமூகம்.

தமிழ்ச் சூழலில் இச்சமூகத்தின் வளர்ச்சியில் கோவைக்கும் இடமுண்டு. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அதனையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியை நடத்தியது. தொடர்ந்து 2011 நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியர் ஊடகப் போட்டியைத் தொடங்கினர். தமிழர் வாழ்வு, தொழில், கருவி, உணவு, கோயில் ஆகியன பற்றிய பல்லாயிரக்கணக்கான ஒளிப்படங்களும் பிற கோப்புகளும் கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்தைச் சேர்ந்தன. 2012இல் நினைவுச்சின்ன ஒளிப்படப் போட்டியில் இந்தியாவும் பங்கேற்றது. வணிகமதிப்பு இல்லாததால் படநிலையம் எடுக்காது விட்ட ஏற்றம், செக்கு, தறி, நடுகல் போன்றவை, வாடிக்கையாளர் இல்லாத படமெடுப்பு வந்த பின்னரே முறையாகப் படமாயின.

7. காப்பும் இழப்பும்

வேதிமுறைப் படம் அழியும். எண்மப்படம் நிலைக்கும் என்னும் எண்ணமும் ஆய்வுக்குரியது. படநிலையங்கள் மூடப்பட்டபோது கண்ணாடி எதிர்ப்படங்கள் குப்பையாயின. ஃபிலிம்கள் வெள்ளியைப் பிரிப்பதற்காக விற்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காக்கப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணத் திட்ட உதவியுடன் தமிழ்ப் படநிலையச் சேகரங்களை எண்மமாக்கியது.

இணையத்தின் வரலாறும் இழப்பின் வரலாறே. 2014இல் ஆர்குட் மூடப்பட்டது. இடம்சார் படங்களுக்கு இடமளித்த பனோரமியோ 2016இல் நின்றது. ஃபிளிக்கர் 2018இல் கட்டணமில்லாக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என வரம்பிட்டது. நேஷனல் ஜியாகிரஃபிக்கின் ‘யுவர் ஷாட்’ தளம் 2019இல் மூடப்பட்டது. படநிலைய உரிமையாளரின் மறைவுக்குப் பின் அலமாரிக்கு நேர்ந்தது, நிறுவனத்தின் வணிக முடிவால் தளத்திற்கு நேர்கிறது. படத்தின் ஆயுளை ஊடகம் முடிவு செய்வதில்லை. அதற்குப் பொறுப்பேற்கும் சமூகமே முடிவு செய்கிறது.

2022இல் பரவலான படமாக்கும் செயற்கை நுண்ணறிவு இதனை மேலும் கூர்மையாக்கியுள்ளது. இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட இக்கருவிகளின் விளைவில் மூலக்கலைஞரின் பெயர் கரைந்துவிடுகிறது. படநிலையத்தில் முத்திரைக்குப் பின்னால் மறைந்த கலைஞர், ஆசிரியராகத் தலைநிமிர்ந்த சில ஆண்டுகளிலேயே மீண்டும் பெயரற்றவராகும் நிலை தோன்றியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொங்கு நாட்டு ஒளிப்பட வரலாற்றில் திருத்தப்படாத படத்தின் காலம் என ஒன்றைத் தனியே பிரிக்க இயலாது. டிரைப்பின் மேகம் முதல் கரிஸ்மா ஆல்பம் வரை கைவினை தொடர்கிறது. இரண்டாவது, எண்மக் கலைக்கு வந்த கலைஞர் அடைந்தவற்றுள் தலையாயது ஆசிரியர் என்னும் நிலையே. மூன்றாவது, அந்நிலையைத் தாங்கி நிற்பது இணையச் சமூகத்தின் பதிவுநெறி. அந்நெறி இல்லாத தளத்தில் படம் இருந்தும் வரலாறு இல்லை.

இதிலிருந்து ஆய்வாளர்க்கு ஒரு கடமை பிறக்கிறது. கொங்கு நாட்டுச் சிறுநகரங்களில் பழைய எதிர்ப்படப் பெட்டிகளும், கெடும் நிலையிலுள்ள குறுந்தகடுகளும் வன்தட்டுகளும் இன்னும் எஞ்சியுள்ளன. பென்சில் பிடித்துத் திருத்திய தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். பாரதியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம் முதலிய இப்பகுதி நிறுவனங்களின் வரலாறு, தமிழ், காட்சித் தொடர்பியல் துறைகள் இணைந்து அப்படங்களைச் சேகரிக்கும்போது, எடுத்தவர், திருத்தியவர், திருத்தத்தின் தன்மை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு படத்துடனும் பதிதல் வேண்டும். படம் மட்டும் காக்கப்பட்டு இம்மூன்றும் இழக்கப்படுமாயின், வருங்கால ஆய்வாளர் பென்சிலின் வெளுப்பைத் தோலின் நிறமாகவே எழுத நேரும்.